பேசாத சாட்சி

பணிக்குச் செல்லும் தாய் ஒருத்தி, மாலையில் காப்பகத்துக்கு வந்து, "குழந்தை எப்படி இருந்தான்?" என்று வினவுகிறாள். "நன்றாக இருந்தான் அம்மா, அழவே இல்லை" என்கிறார் ஆயா. அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும், அழாத குழந்தை நலமாகத்தான் இருந்தது என்று எதைக் கொண்டு துணிந்தோம்? பகல் முழுவதும் நிகழ்ந்ததற்கு நேர்ச் சாட்சி அக்குழந்தை ஒன்றே. அதற்கோ இன்னும் பேச்சு வரவில்லை.

பேசாத சாட்சியை விசாரிக்கும் வழியைத் தேடியவர்களுள் ஜேம்ஸ் ராபர்ட்சன் குறிப்பிடத்தக்கவர். ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்ட் அம்மையார் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். அவ்வில்லத்தில் ஒரு வழக்கம் உண்டு: யாராயினும், குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதி வைக்கவேண்டும். கொதிகலன் காப்பவருக்கும் இதில் விலக்கில்லை. பின்னாளில் அவர் பெற்ற பட்டங்களைவிட இந்த அட்டைகளே அவருக்கு நல்லாசிரியர்களாக அமைந்தன என்பது என் எண்ணம்.

1952-இல் அவர் ஒரு படம் வெளியிட்டார். மருத்துவமனையில் எட்டு நாள் தாயைப் பிரிந்திருந்த லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமியைப் பற்றியது அது. உருக்கமான காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் குறைகூறலாகாது என்பதற்காக, குழந்தையைப் பெயர்ப்பட்டியலிலிருந்து குறிப்பின்றித் தேர்ந்தெடுத்தார். நாள்தோறும் குறித்த வேளைகளில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி படம்பிடித்தார். அப்படியிருந்தும் படத்தைக் கண்ட மருத்துவர் பலர் சினந்தனர். நாள்தோறும் தம் கண்முன் நடப்பதையே அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள் போலும்! 1959-இல் இங்கிலாந்தில் அரசினர் அமைத்த குழு, பெற்றோர் மருத்துவமனைக்குத் தடையின்றி வந்து குழந்தையைக் காணலாம் எனப் பரிந்துரைத்தது.

பின்னர் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் சேர்ந்து எடுத்த படங்களுள் இரண்டை ஒருங்கே வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டிலும் பதினேழு மாதக் குழந்தை; இரண்டிலும் தாய் மறுபேற்றுக்காக மருத்துவமனை சென்றிருக்கிறாள். 1969-இல் வெளிவந்த படத்தில், ஜான் என்ற ஆண் குழந்தை ஒன்பது நாள் காப்பில்லம் ஒன்றில் தங்குகிறான். தாதியர் கொடியவர் அல்லர். இளம் பெண்கள், இன்முகத்தினர். ஆனால் அவர்களுக்கு வேலை பங்கிடப்பட்டிருந்ததே அன்றிக் குழந்தைகள் பங்கிடப்படவில்லை. குளிப்பாட்ட ஒருத்தி, உணவூட்ட ஒருத்தி, உறங்க வைக்க வேறொருத்தி. முதல் இரண்டு நாள் ஜான் பெரிதும் வழக்கம்போலவே இருந்தான். யாரேனும் ஒருத்தியைத் தனக்கென்று பற்றிக்கொள்ள முயன்றான். அங்கேயே வளர்ந்து பழகிய மற்றக் குழந்தைகள் முட்டி மோதி மடியைப் பிடித்துக்கொள்ள, அந்தச் சாதுக் குழந்தை பின்னே தள்ளப்பட்டான். இறுதியில் ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான், உணவையும் மறுத்தான். ஒன்பதாம் நாள் தாய் வந்தபோது, அவளிடம் செல்லாமல் கதறித் திமிறினான்.

மற்றொரு படத்தின் குழந்தை ஜேன். அவள் பத்து நாள் ஜாய்ஸ் அம்மையாரின் வீட்டிலேயே, அவர் ஒருவர் கவனிப்பிலேயே இருந்தாள். பிரிவுக்கு முன்பே அவ்வீட்டாருடன் பழகியும் இருந்தாள். அவளுக்கும் ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் தாய் வந்ததும் மகிழ்ந்து அவளிடம் சென்றாள்.

இரண்டு குழந்தைகளைக் கொண்டு உலகத்துக்கே விதி வகுக்கலாமா என்று கேட்பது நியாயமே. இரவும் பகலும் தங்கும் இல்லம் வேறு, மாலையில் தாய் வந்து அழைத்துச் செல்லும் காப்பகம் வேறு என்பதும் உண்மை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, பத்து இடங்களில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பேராய்வு, காப்பகத்தில் விடுவது ஒன்றே தாய்ப் பாசத்தைக் குலைத்துவிடாது என்று கண்டது. வேலைக்குச் செல்லும் தாய்மார் மனத்திலிருந்து இந்தக் குற்ற உணர்வை நீக்கலாம். வேறு ஆய்வாளர், குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்து, வீட்டில் காலையிலிருந்து பிற்பகலுக்குள் குறையும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, காப்பகத்தில் பல குழந்தைகளுக்கு உயர்வதைக் கண்டனர். அழாத குழந்தையும் இவ்வாறு ஒரு சொல் சொல்லியிருக்கிறது.

ஜானின் படம் வெளிவந்த அதே 1969-இல், தில்லி ராஜகாட்டை அடுத்துக் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. புழுதியில் கிடந்த சித்தாள் பெண்களின் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாமல், மீரா மகாதேவன் அம்மையார் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்ற அமைப்பு இவ்வாறு பிறந்தது. கட்டடம் எங்கு எழுகிறதோ அங்குக் காப்பகமும் செல்லும். நிழலும் பாலும் கிட்டும், மடியும் கிட்டும். ஆனால் கட்டடம் முடிந்ததும் தாய் ஒரு திசைக்கும் காப்பகம் வேறொரு திசைக்கும் பெயர நேரிடுகிறது. அங்கே தன்னைத் தூக்கி வைத்திருந்த முகம் எங்கே போயிற்று என்று அந்தக் குழந்தை யாரிடம் கேட்கும்?