எடையா, பட்டையா?

முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை



"நீங்க கல் மதிப்புப் பார்க்கிறவர். எங்க பசங்களுக்கு வைரம் வாங்குவது பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இயற்பியல் படித்தவனுக்கு இது பிடித்தமான விஷயம்தான்.

நம் வீடுகளில் வைரம் என்றால் ஏழு கல் தோடு, பேசரி. 'ப்ளூ ஜாகர்' என்று பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை ஒட்டி வந்த பெயர் அது. இப்போது நிச்சயதார்த்தத்திற்கு ஒற்றைக் கல் மோதிரம் போடுகிறார்கள். கூடவே, "ஒரு கேரட்டாவது இருக்கணும்" என்ற பேச்சும் வந்துவிட்டது. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத பையன், அந்த ஒரு சொல்லுக்காகக் கடன் வாங்குகிறான். அந்தப் பணம் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா?

வைரத்தின் விலையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எடை, நிறம், தெளிவு, பட்டை. நிறமும் தெளிவும் பெரும்பாலும் கல்லோடு பிறந்தவை. பட்டை மட்டும் முழுக்க முழுக்க மனிதன் கை வேலை. கல் ஜொலிப்பதும் மங்குவதும் அதைப் பொறுத்ததே.

காரணம் நீங்கள் வகுப்பில் படித்ததுதான். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால் மாறுநிலைக் கோணம் சுமார் 24 டிகிரி மட்டுமே. சாதாரணக் கண்ணாடிக்கு அது சுமார் 42. மேலே நுழைந்த ஒளி, அடிப்பட்டைகளில் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து, மறுபடி மேலேயே வந்து நம் கண்ணில் படவேண்டும். அடிப்பகுதி ரொம்பத் தட்டையாக இருந்தாலும் சரி, ரொம்ப ஆழமாக இருந்தாலும் சரி, ஒளி கீழே கசிந்துவிடும். தட்டைக் கல்லில் நடுவே மீன் கண் போல ஒரு வெளிறிய வளையம் தெரியும். ஆழக் கல்லில் நடுப்பகுதி ஆணித்தலை போலக் கறுத்திருக்கும்.

மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919-இல் இதைக் கணக்குப் போட்டு ஒரு நூலே வெளியிட்டார். மேல் பகுதிக்கு 34.5 டிகிரி, அடிப்பகுதிக்கு 40.75 டிகிரி என்பது அவர் கணக்கு. இன்றும் நல்ல வட்டக் கற்கள் அதை ஒட்டியே வருகின்றன.

பிறகு ஏன் எல்லாரும் அப்படியே தீட்டுவதில்லை? கச்சாக் கல்லில் பாதி எடையோ அதற்கு மேலோ தீட்டும்போதே போய்விடும். 50 சென்ட், 1 கேரட் என்ற எல்லைகளைத் தொட்டதும் கேரட் விலை ஒரு தாவு தாவும். 95 சென்டில் அழகாக முடியவேண்டிய கல்லை, அடியைக் கொஞ்சம் கனமாக விட்டு 1 கேரட் ஆக்கினால் லாபம். நாம் எடையைக் கேட்கிறோம். அவர்கள் எடையைத் தருகிறார்கள்!

ஒரு சின்னக் கணக்கு. நன்றாகத் தீட்டிய 1 கேரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். ஆழம் கூடிய 1 கேரட் கல் 6.2 தான் இருக்கும். நன்றாகத் தீட்டிய 90 சென்ட் கல்லும் அதே 6.2 தான்! விரலில் பார்வைக்கு ஒரே அளவு. 90 சென்ட் கல் கூடுதலாக ஜொலிக்கும், விலையும் குறையும். மீதி 10 சென்ட் மோதிரத்திற்குள் ஒளிந்துகிடக்கும் கனம். மோதிரம் போடுகிற அன்று யாரும் தராசு கொண்டுவருவதில்லை.

கடையில் என்ன செய்யவேண்டும்? முதலில் சான்றிதழைக் கேளுங்கள். ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2006 முதல் வட்டக் கல்லின் பட்டைக்கு ஐந்து தரம் கொடுக்கிறது. எக்ஸலண்ட், வெரி குட் என்ற முதல் இரண்டுக்குள் நில்லுங்கள். விட்டமும் ஆழமும் அதிலேயே இருக்கும். ஆழம் 63 சதவீதத்தைத் தாண்டினால் யோசியுங்கள். 'பெல்ஜியம் கட்டிங்' என்பது தரம் அல்ல, வாய்ச்சொல். அடுத்து, கடை விளக்கை நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் மின்னும். வாசலோரம் நிழலில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

பணம் போதவில்லையா? எடையில் குறையுங்கள், நிறத்தில் ஒன்றிரண்டு படி இறங்குங்கள். பட்டையில் மட்டும் இறங்காதீர்கள். ஆய்வுக்கூட வைரம் வாங்கினாலும் இதே விதிதான். அதன் விலை சமீப ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டதால், பின்னால் விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்கவேண்டாம்.

பெற்றோராக இங்கே வந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பந்தி வீட்டில் "எத்தனை கேரட்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பல பிள்ளைகள் கடன் இல்லாமல் கல்யாண வாழ்க்கையைத் தொடங்குவார்கள்.