மனச்சிதைவு நோய்: காரணம் தேடும் வீடுகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகவே அவர்களின் அனுமதியோடு, வீடுகளில் தணிந்த குரலில் மட்டும் பேசப்படும் ஒரு நோயை எடுத்துக்கொண்டேன். ஸ்கிசோபிரினியா, தமிழில் மனச்சிதைவு நோய். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை அசையாது நிற்கும். பேச்சு தொடர்பற்றுப் போகும். குளிக்கவும் உண்ணவும் மனமின்றி ஆள் ஒடுங்கிவிடுவார். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. இந்த மண்டபத்தில் உள்ளோரின் குடும்பங்களைக் கூட்டிப் பார்த்தால், இது பிறத்தியாரின் நோய் அல்ல.

நோயாளியை அழைத்து வரும் தாய் அநேகமாக முதலில் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல. "நான் வளர்த்ததிலா டொக்டர் பிழை?" என்பதுதான். கணவர் வீட்டார் "உங்கள் பக்கத்து இரத்தம்" என்று சொல்லியிருப்பார்கள். அயலார் செய்வினை என்றிருப்பார்கள். மருத்துவமும் ஒரு காலத்தில் தாயை விட்டுவைக்கவில்லை. 1940களின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள், தாயின் குணமே இந்நோயை உண்டாக்குகிறது என்ற கொள்கை மேலைநாடுகளில் செல்வாக்கோடு இருந்தது. ஆய்வுகளில் அது நிற்கவில்லை. எத்தனை தாய்மார் அதைச் சுமந்து மடிந்தார்களோ!

பரம்பரைக்குப் பங்கு உண்டா? உண்டு, பெரிய பங்கு. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவு. கூடப்பிறந்தவருக்கு இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்புக்கூட நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டுவதில்லை. மரபணு ஒன்றல்ல, நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. நோயாளிகளில் பெரும்பாலானோரின் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பதில்லை. ஆனாலும் சம்பந்தம் பேசும் வீட்டில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. "அந்த வீட்டில் ஒரு பையன் சரியில்லையாம்" என்ற ஒரு சொல் போதும், நான்கு தங்கைமாரின் கலியாணம் நின்றுபோக.

அடுத்த பங்கு சூழலுக்கு. அது கருவிலேயே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் கொடிய பஞ்சம் வந்தது. அதன் உச்சத்தில் கருவான பிள்ளைகளிடம் பின்னாளில் இந்நோய் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகளின் சாப்பாட்டைப் பற்றி நாங்கள் ஓயாமல் பேசுவது, பிறக்கும் பிள்ளையின் நிறைக்காக மட்டும் அல்ல. இதிலும் தாயைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பசியை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. பிரசவத்தில் பிள்ளைக்கு ஒட்சிசன் குறைவதும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும்.

ஆண்பிள்ளைகள் உள்ள தாய்மார் இதைக் கவனியுங்கள். சுவீடனில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் இந்நோய் ஆறு மடங்கு காணப்பட்டது. 'ஐஸ்' இன்னும் மோசம். மூளையில் டோபமினைப் பெருக்கி, இந்நோயைப் போன்ற நிலையை அதுவே உண்டாக்கிவிடும்.

வெளிநாட்டில் வாழும் தோழியருக்கும் ஒன்று. பிரித்தானியாவில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் இந்நோய் பல மடங்கு அதிகம். அவர்களின் சொந்த ஊர்களில் அப்படி இல்லை. இதை இரத்தத்தைக் கொண்டு விளக்க முடியாது. அந்நியராக நடத்தப்படுவதும் தனிமையும் மூளையைத் தொடுகின்றன என்றே கருதவேண்டியுள்ளது.

ஆண்களுக்கு இது பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தும். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி இன்னொரு சிறிய ஏற்றமும் உண்டு. ஆகவே நாற்பத்தைந்து வயதுப் பெண் திடீரென அயலாரைச் சந்தேகிக்கத் தொடங்கினால், "அவளுடைய சுபாவம்" என்று விட்டுவிடாதீர்கள்.

செய்வினை என்று நம்புவோரைக் கேலி செய்ய நான் வரவில்லை. நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கை நோயாளரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1979இல் முடிவை வெளியிட்டார். மேலைநாட்டு நோயாளரைவிட இவர்களில் பலர் நன்றாகத் தேறியிருந்தார்கள். நோய் வெளியிலிருந்து வந்தது, போய்விடும் என்று குடும்பம் நம்பியதால், அவருடைய இடம் வீட்டில் அப்படியே இருந்தது என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. கதிர்காமத்துக்கு நேர்த்தி வையுங்கள், நூல் கட்டுங்கள், தொவில் ஆடுவதென்றாலும் ஆடுங்கள். ஆளைக் கட்டிவைக்காதீர்கள், அடிக்காதீர்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது ஒளித்து வைப்பதில்தான். அக்காவின் கலியாணம் முடியட்டும் என்று தம்பியை ஒன்றரை வருடம் அறைக்குள் வைத்திருப்பார்கள். சிகிச்சையின்றி நாட்கள் நீள நீள மீள்வது கடினமாகிறது. மரபணுவையோ முடிந்துபோன பிரசவத்தையோ எவராலும் மாற்ற முடியாது. இந்த ஒன்றரை வருடம் மட்டும் எங்கள் கையில் இருந்தது. அதேபோல, சம்பந்தம் கூடிவருகிறது என்று மணப்பெண்ணின் குளிசையை நிறுத்தி, கலியாணம் முடிந்து சில மாதங்களில் அவளைத் திரும்ப வார்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மனநல கிளினிக் உண்டு, காசு வாங்குவதில்லை. வரத் தயங்குவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். "எனக்கு நோயில்லை" என்று சொல்பவரை எப்படி அழைத்து வருவது என்று கூட்டம் முடிந்ததும் நிச்சயம் யாராவது கேட்பீர்கள். பைத்தியம், மனநோய் என்ற சொற்களை எடுக்காதீர்கள். நித்திரைக்கு மருந்து எடுக்கப் போவோம் என்று சொல்லுங்கள். அநேகமாக அவர் பல இரவுகள் நித்திரை கொண்டிருக்கமாட்டார். அந்த மருந்து வேண்டுமென்று அவரே வருவார்.