பேர் சொன்னால்தான் ஓட்டு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னை ஓட்டுரிமை பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ஏழாவது படிக்கிற என் பொண்ணோட சமூக அறிவியல் புத்தகத்தையும், நூலகத்தில் எடுத்த ரெண்டு புத்தகத்தையும் பத்து நாளா அடுப்படியில் வச்சுப் படிச்சேன். ஒரு பக்கத்தில் சாம்பார் கறை பட்டுப்போச்சு, நூலகர் அய்யா மன்னிக்கணும்.

எங்க குழு ஆரம்பிச்ச அன்னைக்கு நான்தான் நோட்டு எழுதினேன். "பேர் என்னம்மா?"ன்னு கேட்டா ஒருத்தர் "மேலத்தெரு டெய்லர் வீடு"ங்கிறாங்க. இன்னொருத்தர் "பெரியவன் அம்மான்னு போட்டுக்கம்மா"ங்கிறாங்க. ஏன், என் மாமியார் பேரே எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாசம் கழிச்சு ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. அத்தைன்னு கூப்பிடுறோம், பேர் எதுக்குத் தேவைப்படப் போகுதுன்னு இருந்துட்டேன்.

இதை ஏன் சொல்றேன்னா, நான் படிச்சதிலேயே என்னை ரொம்ப நேரம் உட்கார வச்ச விஷயம் இந்தப் பேர் விஷயம்தான். அதுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

ஓட்டுன்னதும் எல்லாரும் உத்திரமேரூரைத்தான் பெருமையாச் சொல்வாங்க. காஞ்சிபுரம் பக்கம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களில் வெட்டின கல்வெட்டு அங்கே பெருமாள் கோயில் சுவரில் இருக்கு. ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வந்த பேர்தான் வாரிய உறுப்பினர். பதவி ஒரு வருஷம். அதில் எனக்குப் பிடிச்சது ஒரு சட்டம். முன்னாடி பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது, அவரோட சொந்தக்காரங்க பேரும் போகக் கூடாது. (இதை நம்ம கூட்டமைப்பிலும் கொண்டு வரலாம். சிரிக்காதீங்க, பொருளாளர் அக்கா கணக்கு சரியாத்தான் வச்சிருக்காங்க.)

ஆனா அந்தக் குடத்தில் யார் பேர் இருந்துச்சுன்னும் பார்க்கணும். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் படிச்சிருக்கணும், 35 வயசுக்கு மேல் 70க்குள் இருக்கணும். அது பிராமணர் ஊர்ச்சபை. உழுதவங்க பேர் இல்லை. ஒரு பொம்பளை பேர் கூட இல்லை. பெருமைப்படுவோம், இதையும் சேர்த்தே சொல்லுவோம்.

வெள்ளைக்காரன் காலத்திலும் வரி கட்டினவன், சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. கூலிக்காரன் ஆம்பளையா இருந்தும் ஓட்டு இல்லை. அவங்க நாட்டிலேயே பெண்களுக்கு 1918இல்தான் கொடுத்தாங்க, அதுவும் 30 வயசு முடிஞ்சு, சொத்துக் கணக்கும் சரியா இருந்தால். ஆம்பளைக்குச் சமமா வந்தது 1928இல். நியூசிலாந்தில் மட்டும் 1893லேயே கொடுத்துட்டாங்க. சுவிட்சர்லாந்துன்னு சினிமாவில் பாட்டு எடுப்பாங்களே, அங்கே நாடு முழுக்க நடக்கிற தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட 1971 ஆச்சு.

நம்ம ஊரில் 1917இல் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் மாண்டேகுங்கிற வெள்ளைக்கார மந்திரியைப் பார்த்து, எங்களுக்கும் ஓட்டு வேணும்னு கேட்டாங்க. கொடுக்கலை. அந்தந்த மாகாணம் முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. பிரிட்டிஷ் மாகாணங்களில் முதல்ல, 1921இல், சரின்னு சொன்னது நம்ம மதராஸ் மாகாணம். ஆனா சொத்து உள்ள பெண்ணுக்கு மட்டும். அந்தக் காலத்தில் எத்தனை பெண் பேரில் சொத்து இருந்திருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க. இன்னைக்கே நம்ம பேரில் பட்டா இருக்கிறவங்க கை தூக்குங்கன்னா எத்தனை கை வரும்? முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1927இல் சட்டசபைத் துணைத் தலைவரா உட்கார்ந்தாங்க. ஆனா வெளியில் பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டே கிடையாது.

அப்புறம் 1935இல் ஒரு சட்டம். புருஷனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் பொண்டாட்டிக்கும் ஓட்டு உண்டுன்னாங்க. படிச்ச பெண்ணுக்கும் உண்டு. கேட்கும்போது நல்லாத்தானே இருக்கு? ஆனா முத்துலட்சுமி அம்மாவும் இன்னும் பல பெண் தலைவர்களும் இப்படிப் புருஷனை வச்சுக் கொடுக்கிறதை அப்பவே வேண்டாம்னாங்க. கொடுத்தால் எல்லாருக்கும் கொடு, இன்னாரோட மனைவின்னு கொடுக்காதேன்னு வாதாடினாங்க. முதல்ல எனக்கு இது புரியலை. வர்றதை வாங்கிக்கலாமேன்னு தோணுச்சு. அடுத்த கதையைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

1950 ஜனவரி 26இல் நம்ம அரசியல் சட்டம் வந்துச்சு. அதை எழுதின சபையில் 15 பெண்கள் இருந்தாங்க. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், சாதி கிடையாது, ஆண் பெண் கிடையாது, 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. (18 வயசுன்னு ஆனது 1989இல்.) முதல் தேர்தல் 1951 அக்டோபரில் ஆரம்பிச்சு 1952 பிப்ரவரி வரைக்கும் நடந்துச்சு. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அதனால ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டை நமக்கு வேண்டிய பெட்டியில் போடணும்.

அந்தப் பட்டியல் எழுத வீடு வீடாப் போனவங்ககிட்ட லட்சக்கணக்கான பெண்கள் சொந்தப் பேரைச் சொல்லலை. முன்னப் பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட பேரைச் சொல்றதான்னு கூச்சம், பயம், வழக்கம். "இன்னாரோட பொண்டாட்டி", "இன்னாரோட மக"ன்னே எழுதியிருந்துச்சு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் சொல்லிட்டார், பேர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாதுன்னு. பேரைச் சொல்ல அவகாசமும் கொடுத்துப் பார்த்தாங்க. அப்படியும் வராதவங்களை எடுத்துட்டாங்க. எத்தனை பேர் தெரியுமா? சுமார் 28 லட்சம் பெண்கள். அதிகமா பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் பக்கம். வீட்டு வாசல் வரைக்கும் வந்த ஓட்டு, பேர் சொல்லாததால் திரும்பிப் போயிடுச்சு.

அவர் செஞ்சது சரியா தப்பான்னு எங்க வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. பாவம், படிக்காத பெண்கள், விட்டிருக்கலாம்னார் என் வீட்டுக்காரர். நான் சென் பக்கம்தான். அன்னைக்கு அப்படியே விட்டிருந்தால் இன்னைக்கும் நாம "மேலத்தெரு டெய்லர் வீடு"தான். அடுத்த 1957 தேர்தலுக்குள்ள பெரும்பாலும் பேர் சொல்லிச் சேர்ந்துட்டாங்கன்னு படிச்சேன்.

எனக்கும் ஒரு தடவை பேர் போச்சு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, 2011 தேர்தலில் அம்மா வீட்டு அட்டையை எடுத்துக்கிட்டு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்னேன். பட்டியலில் பேர் இல்லைன்னுட்டாங்க. அட்டை இருக்கேன்னு கேட்டேன். அட்டை மட்டும் போதாதும்மா, இந்தப் பட்டியலில் பேர் இருக்கணும்னாங்க. முதல் ஓட்டுப் போட பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனவ, அப்படியே திரும்பி வந்தேன். புகுந்த வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குச் சீர் வரிசை வந்துச்சான்னு பத்துப் பேர் கேட்கிறாங்க. ஓட்டை மாத்திட்டியான்னு ஒருத்தர் கேட்கலை.

இன்னொரு வேதனையும் இருக்கு. உள்ளாட்சியில் 1993இல் மூணில் ஒரு பங்கு, 2016இல் நம்ம மாநிலத்தில் பாதி இடம் பெண்களுக்குன்னு சட்டம் வந்துச்சு. ஆனா சில இடத்தில் சுவரைப் பாருங்க, வேட்பாளர் பேரை விட வீட்டுக்காரர் பேர் பெரிசா இருக்கும். ஜெயிச்சப்புறம் கூட்டத்துக்கு வர்றதும் அவர்தான். இதுவும் அந்தப் பழைய "இன்னாரோட பொண்டாட்டி" பட்டியல்தான். கையெழுத்துப் போடுற அக்காக்கள் கோவிச்சுக்கக் கூடாது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்கன்னு குழுவில் கடன் பத்திரத்துக்குச் சொல்றோமில்ல, அதேதான் பஞ்சாயத்துக்கும்.

என் மாமியார் கதையை முடிச்சிடறேன். குழுவில் சேர்ந்தப்புறம் அவங்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தோம். நாலு மாசம் ஆச்சு. அடுத்த தேர்தலில் நானும் அவங்களும் ஒண்ணாப் போனோம். முதல் மேசையில் இருந்தவர் ஏஜெண்டுகளுக்குக் கேட்கணும்னு அவங்க பேரைச் சத்தமா வாசிச்சார். அடுத்தவர் விரலில் மை வச்சுட்டு, பழக்கத்தில் ரேகைக்கு ஸ்டாம்பு பேடைத் தள்ளினார். இவங்க "பேனா குடுங்க தம்பி"ன்னாங்க. போட்டுட்டு வெளியில் வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "எம் பேரை அம்புட்டுச் சத்தமா வாசிச்சானே, உனக்குக் கேட்டுச்சாடி?"

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கோம். புதுசா மருமகள் வந்த வீடு, வீடு மாறினவங்க, பேரில் எழுத்துத் தப்பு இருக்கிறவங்க படிவம் 8 வாங்கிக்குங்க. புதுசாச் சேர்றவங்களுக்குப் படிவம் 6. 17 வயசு முடிஞ்ச பிள்ளைங்க கூட முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவங்களுக்கு நானும் எங்க குழு ஊக்குநரும் சாப்பாடு முடியற வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். வந்து உங்க பேரை நீங்களே சொல்லுங்க.