விளக்கு யாருக்கு உழைத்தது?

(ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பாதுகாப்புக் கருவி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பஞ்சுத் தூசிக்கு மூக்கில் கட்டும் துணி, யந்திரத்தைச் சுற்றிய வேலி, பூச்சிமருந்து தெளிப்பவனுக்குக் கையுறை. இவை உயிரைக் காக்க வந்தவை. ஆனால் இதே கருவிகள் முதலாளியின் வியாபாரத்துக்கும் உழைக்கும். இது இன்று நேற்று வந்த விஷயமல்ல. பழைய கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

1812 மே 25. இங்கிலாந்தில் டர்ஹாம் சீமை. ஃபெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளியின் கதி இதுதான். விளக்கில்லாமல் கரி வெட்ட முடியாது. விளக்கின் சுடர் பட்டால் கசியும் வாயு தீப்பற்றும்.

1815ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. சுடரின் சூட்டைக் கம்பி இழுத்துக்கொள்வதால் வெளியே உள்ள வாயு பற்றாது. இந்தக் கண்டுபிடிப்புக்கு டேவி காப்புரிமை வாங்கவில்லை. நல்ல மனிதர், நல்ல கருவி.

பிறகு நடந்தது என்ன? வாயு மிகுந்தது என்று கைவிட்ட பகுதிகளிலும் முதலாளிகள் ஆளை இறக்கினார்கள். இன்னும் ஆழமாக வெட்டினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவு செய்ய வேண்டிய இடத்தில், "விளக்கு இருக்கிறதே!" என்றார்கள். வலைக்குள் இருந்த விளக்கு மங்கலாக எரிந்தது. வெட்டிய கரிக்குத் தக்க கூலி. மங்கிய வெளிச்சத்தில் கூலி குறையும். ஆகவே தொழிலாளியே சில சமயம் வலையைத் திறந்தான்.

1835ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கணக்குப் பார்த்தது. டர்ஹாம், நார்தம்பர்லண்டு சீமைகளில் விளக்கு வருவதற்கு முந்திய 18 வருஷங்களில் செத்தவர்கள் 447 பேர். விளக்கு வந்த பிந்திய 18 வருஷங்களில் 538 பேர்!

விளக்கா குற்றவாளி? இல்லை, தோழர்களே. விளக்கு தன் வேலையைச் செய்தது. அது தந்த பாதுகாப்பை முதலாளி உற்பத்தியாக மாற்றிக்கொண்டான். கரி அவனுக்கு, ஆபத்து நமக்கு.

1862ல் ஹார்ட்லி சுரங்கத்தில் பம்பு யந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து விழுந்து வழியை அடைத்தது. இறங்கவும் ஏறவும் அந்த ஒரே வழிதான். 204 பேர் மாண்டார்கள். இன்னொரு வழி தோண்டினால் செலவு என்று விட்டிருந்தார்கள். அந்த வருஷமே இரண்டு வழி வேண்டுமென்று சட்டம் வந்தது. 1872 சட்டம், சுரங்கத்தைச் சோதிக்கத் தங்களில் இருவரைத் தொழிலாளர்களே நியமிக்கலாம் என்றது.

இன்று விளக்கின் இடத்தில் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. தலைக்கவசத்திலும் மணிக்கட்டிலும் மாட்டுகிறார்கள். தொழிலாளி விழுந்தால் செய்தி போகும். வெக்கையில் நாடி துடித்தால் எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் அதே கருவி, அவன் எத்தனை நிமிஷம் நின்றான், எங்கே உட்கார்ந்தான் என்றும் எழுதிவைக்கும். நாடிக்கணக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறதா, சம்பள ஆபீசுக்குப் போகிறதா? இதைக் கேட்காமல் கருவியை மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியவை இவை. கருவி எழுதும் கணக்கைத் தொழிலாளரும் பார்க்க வேண்டும். அதைக் காட்டிக் கூலியைப் பிடிக்கக் கூடாது, ஆளைக் கழிக்கக் கூடாது. தூசி உறிஞ்சும் யந்திரம் வந்ததென்று தறியைக் கூட்டாதே! கையுறை கொடுத்தேன் என்று இன்னும் கொடிய மருந்தைத் தெளிக்கச் சொல்லாதே! பாதுகாப்பினால் உற்பத்தி கூடினால் அதில் எங்கள் பங்கு எங்கே?

கருவியை வேண்டாமென்று சொல்லவில்லை. வரட்டும். அது காட்டும் கணக்கு நம் கண்ணுக்கும் தெரியட்டும். தனியாகக் கேட்டால் வாயை அடைப்பான். சங்கமாகக் கேளுங்கள், தோழர்களே!