கை வேண்டும், ஆள் வேண்டா
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கு அமெரிக்க விசாவைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் நகைக்கலாம். நான் நாள்தோறும் எழுதுவது தண்டவாளப் பணியாளரின் சம்பளப் பட்டியல். இவ்விஷயத்தில் என் மனம் சென்றதும் தண்டவாளத்தின் வழியாகத்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பயிர் அறுக்க ஆள் கிட்டவில்லை. 1942 ஆகஸ்டு மாதம் அந்நாடு அண்டை நாடாகிய மெக்ஸிகோவோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வாறு வந்தவர்களுக்குப் 'பிரஸேரோ' என்று பெயர். கைகளால் உழைப்பவர் என்பது பொருள். மறு ஆண்டு முதல் போர் முடியும் வரையில் ரயில் பாதை வேலைக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர்.

அவர்கள் கூலியில் நூற்றுக்குப் பத்து பிடித்தம் செய்து, ஊர் திரும்பியதும் தரப்படும் என்றார்கள். பலருக்கு அது கிட்டவே இல்லை. இதைப் படித்த அன்று பட்டியல் எழுத என் கை கூசியது. 2005-இல் மெக்ஸிகோ அரசு ஆளுக்கு 38,000 பேஸோ தர முன்வந்தபோது, எஞ்சியவர்கள் கிழவர்களாகிவிட்டனர். பழைய ஒப்பந்தச் சீட்டைத் தொலைத்தவர் எதைக் காட்டுவார்?

போர் ஓய்ந்தும் பண்ணை முதலாளிகள் திட்டத்தை விடவில்லை. 1964 வரை சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. சீட்டுக் கிடைக்காதவர்கள் ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாக வந்தார்கள். அவர்களுள் பலரை எல்லை வரை கொண்டுபோய், கையில் சீட்டைக் கொடுத்து, மீண்டும் பண்ணை வேலைக்கே அனுப்பியதுண்டு! ஆற்றில் நனைந்து வந்தவர்களாதலால் அதற்கு 'உலர்த்துதல்' என்று பெயர். 1954-இல் அதே அரசு பெரும் வேட்டையாடி, இத்தகையோரை வெளியேற்றவும் செய்தது.

இத்திட்டத்தால் உள்நாட்டுத் தொழிலாளரின் கூலி தாழ்கிறது என்ற முறையீடு எழுந்தது. அது புறக்கணிக்கத் தக்கதன்று. திட்டம் 1964-உடன் நின்றது. 1976-இல் மெக்ஸிகோவினர் குடியேற ஆண்டுக்கு 20,000 என்று வரம்பும் இட்டார்கள். அறுவடை நிற்குமா? முன்பு சீட்டோடு வந்தவர்கள் இப்போது சீட்டின்றி வந்தார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்கு வசிக்கும் உரிமை தந்தது. பருவகால உழவு வேலைக்கு 'எச்-2ஏ' என்ற விசாவையும் வகுத்தது. அந்த விசாவோ ஒரு முதலாளியோடு ஆளைப் பிணைப்பது. அவரை விட்டு நீங்கினால் தங்கும் உரிமையும் ஆட்டங்கண்டுவிடும்.

நாமும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களே. நியமன உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் ரயிலில் வந்தேன். வழியில் கேட்டது டிக்கெட் மட்டுமே. ஆள் வேண்டும் நாடு விசா தரட்டும். அதில் முதலாளியின் பெயரை மட்டும் எழுதாதிருக்கட்டும். இதுவே என் விண்ணப்பம்.

நாடகத்துக்கு வேஷமிட்ட குழந்தைகள் காத்திருக்கின்றனர்.