மறதி நோயுற்ற பெற்றோரின் கோபம்

 

முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்று அல்லாஹு தஆலா பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். அறிந்திருந்த மனிதன் எதையும் அறியாதவனாகிவிடும் தள்ளாத பருவத்தைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தியுங்கள். அமைதியான பெற்றோரிடம் 'சீ' சொல்லாதிருப்பது எளிது. ஒரே கேள்வியை இருபது முறை கேட்கும் உம்மாவிடமும், 'என் பணத்தைத் திருடிவிட்டாய்' என்று மருமகளைப் பழிக்கும் வாப்பாவிடமும் சொல்லாதிருப்பதே சோதனை.

டிமென்ஷியா என்னும் மறதி நோயுடன் 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இது மூளையைத் தாக்கும் நோய். ஜின்னின் தீண்டலென்றோ வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமென்றோ எண்ணி, சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்னும் அறிஞர் 1997இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை வலியுறுத்தினார். நோயாளியின் நடத்தைக்கு மூளைச் சிதைவு மட்டுமே காரணமன்று. அவருடைய குணம், கடந்த வாழ்க்கை, உடல்நலம், சுற்றியிருப்போர் அவரை நடத்தும் விதம் ஆகியவையும் காரணமாகும் என்றார். ஆகவே 'இவரை எப்படி அடக்குவது?' என்று கேட்பதை விட்டு, 'இவர் எதைச் சொல்ல முயல்கிறார்?' என்று கேளுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வாப்பா கதவைத் தட்டுகிறாரா? நாற்பது ஆண்டுகள் அந்நேரத்தில் கடை திறக்கக் கிளம்பியவராக இருக்கலாம். பூட்டிவிட்டு அதட்டுவதைவிட, உடன் சிறிது நடந்துவிட்டு, தேநீர் கொடுத்து அமரச் செய்வது மேல். மாலையானதும் உம்மா, 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுகிறாரா? 'இதுதான் வீடு' என்று வாதிடாதீர்கள். விளக்கை ஏற்றுங்கள், இரைச்சலைக் குறையுங்கள், அந்த வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

இறந்துபோன கணவரைத் தேடும் தாயிடம், 'அவர் மௌத்தாகிவிட்டார்' என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக விதவையாகிறார். பொய் சொல்லவும் தேவையில்லை. 'வாப்பா நினைவு வந்துவிட்டதா உம்மா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் போதும்.

குளிப்பாட்டும்போது அடிக்கிறார் என்றால், பெரும்பாலும் அது அச்சமும் வெட்கமுமே. வாழ்நாளெல்லாம் அவ்ரத்தைப் பேணியவரின் ஆடையைத் திடீரென நீக்கினால் அவர் வேறென்ன செய்வார்? பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் உதவட்டும். செய்யப்போவதை முதலில் சொல்லுங்கள். துண்டால் போர்த்தி, வெதுவெதுப்பான நீரால் பகுதி பகுதியாகக் கழுவுங்கள்.

அறிவை இழந்துவிட்டவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது ஃபிக்ஹின் தீர்ப்பு. ஆகவே ரக்அத்தைக் கூட்டிக் குறைத்துத் தொழுதால் திருத்தி வருத்தாதீர்கள். முஸல்லாவில் அமர்வதே அவர் உள்ளத்திற்கு ஆறுதல்.

ஓர் எச்சரிக்கை. நடத்தை திடீரென மாறினால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று போன்றவை இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மனநோய்க்கான சில மருந்துகள் இத்தகைய முதியவர்களுக்கு மரண ஆபத்தை அதிகரிப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் மருந்து கொடுத்து உறங்க வைக்காதீர்கள்.

இறுதியாக, ஆண் மக்களே! இந்தப் பணிவிடை முழுவதையும் மனைவியின் தலையில் சுமத்திவிட்டு, பெற்றோரைப் பேணுவதாகப் பெருமை கொள்ளாதீர்கள். கட்டளை பிள்ளைகளுக்கே இடப்பட்டது. சகோதர, சகோதரிகள் முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளுங்கள். இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு ஓய்வு கொடுங்கள். களைத்த உள்ளத்திலிருந்துதான் கடுஞ்சொல் பிறக்கிறது.

உங்கள் பெயரை அவர்கள் மறந்திருக்கலாம். உங்கள் குரலின் கனிவை இன்னும் உணர்கிறார்கள்.

தள்ளாத முதுமையை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். வல்ல அல்லாஹ் நம்மையும் காப்பானாக! நம் பெற்றோரைக் கண்ணியத்தோடு பேணும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.