பசித்த உடலும் பருத்த உடலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வன்னியில் நின்றுகொண்டு உடற்பருமனைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2009இல் உப்பும் அரிசியும் போட்ட கஞ்சியில் உயிர் பிழைத்த சனம் நாங்கள். அந்தக் கஞ்சியைத்தான் ஒவ்வொரு மே மாதமும் நினைவாகக் காய்ச்சிப் பகிர்கிறோம். பசியை அறிந்தவர்கள் என்பதனாலேயே இந்த விடயத்தில் நாங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பியாபிராப் போரில் பெரும் பட்டினி நிலவியது. அக்காலத்தில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களை ஏறத்தாழ நாற்பது வயதில் பரிசோதித்தார்கள். பட்டினிக்குப் பிறகு பிறந்தவர்களைவிட இவர்களிடம் உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் அதிக எடையும் கூடுதலாகக் காணப்பட்டன. தாயின் வயிற்றில் உணவு குறைந்தால், கிடைப்பதைச் சேமித்து வைக்கும் விதமாக உடல் பழகிவிடுகிறது. பின்னாளில் சோறும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே பகையாகிறது. 2009ஐ ஒட்டிப் பிறந்த எங்கள் பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பு வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்நோய்கள் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. வராமல் காக்க இதுவே தருணம் என்கிறேன்.

பட்டினி கிடந்த தாய்க்குத் தன் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி. அந்த அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது. சைக்கிள் மிதித்த தூரத்தை இன்று மோட்டார் சைக்கிளில் போகிறோம். விளையாட்டு நேரத்தை ரியூசனும் கைத்தொலைபேசியும் எடுத்துக்கொண்டன. பெரியபிள்ளையானதும் வலைப்பந்தை விட்டுவிடும் தங்கைகள் பலர்.

கூடிய எடை அழகைப் பற்றிய பிரச்சினை அல்ல. நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம், ஈரலில் கொழுப்பு, முழங்கால் தேய்வு, சில புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கு அது வழி திறக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கீனம், கருத்தரிப்பதில் தாமதம், கர்ப்பகால நீரிழிவு என்பனவும் உண்டு. பருத்த பிள்ளைகளில் பலர் வளர்ந்த பின்னும் அப்படியே இருக்கிறார்கள். பிள்ளையின் கழுத்தின் பின்புறம் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கென்று உரஞ்சாதீர்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ஓர் அளவுநாடா போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கும் ஆண்களுக்கு 90க்கும் உட்பட்டிருக்க வேண்டும். எங்களைப் போன்ற ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தொடும்போதே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது. 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது ஏறத்தாழ 52 கிலோ. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அவர்களை வயதுக்குரிய வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

2016இல் இலங்கையில் மென்பானப் போத்தல்களுக்கு நிற அடையாளம் வந்தபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று வகுத்தார்கள். அப்படிப்பட்ட பானத்தில் 250 மில்லிலீற்றர் குடித்தால் ஆறு தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் நல்லதென்று சொல்லும் அளவு ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிதான்.

இதற்கு விலை கூடிய உணவு எதுவும் தேவையில்லை. கோப்பையில் சோற்றைக் குறைத்து முருங்கையிலை, வல்லாரை, பயறு, குளத்து மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். குரக்கனும் தவிட்டோடு கூடிய சிவப்பரிசியும் நல்லவை. அவற்றையும் அளவோடு உண்ணுங்கள். தேநீரில் சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடக்கவும், பிள்ளைகள் தினமும் ஒரு மணிநேரம் ஓடி விளையாடவும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை மைதானத்துக்கு வராது; ஒளித்திருந்துதான் சாப்பிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வரும்போது கொண்டுவரும் சொக்கிளேற்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் பாடசாலைக்கு ஒரு நல்ல குடிநீர்க் குழாயும் நிழலுள்ள வலைப்பந்து மைதானமும் அமைத்துக் கொடுங்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் பிள்ளை சோடாவைத் தேடாது.

பசியிலிருந்து மீண்டு வந்த எங்கள் பிள்ளைகளை நோய்க்குக் கொடுக்க முடியாது. பாடசாலையின் அடுத்த நூறு ஆண்டுகளை நடத்தப்போகிறவர்கள் அவர்கள்தான்.